முக்காலே மூன்று வீசம்

திருவான்மியூரில் என் வீட்டிற்கு மாலை வேளைகளில் கணக்குப் படிக்க வரும் மாணவர் சிலர் உண்டு. ஒரு நாள், தேர்வுக்குரிய பாடத்தில் எவ்வளவு முடிந்திருக்கிறது என்று மாணவி ஒருத்தி வினவினாள். "முக்காலே மூன்று வீசம் முடிந்துவிட்டது, அம்மா, இனி அஞ்ச வேண்டியதில்லை" என்று விடை கூறினேன். அவள் உடனே, "ஐயா, அது எத்தனை சதவீதம்?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென விடை தோன்றவில்லை. "கிட்டத்தட்ட முழுவதும் என்று பொருள்" என்றேன். "கிட்டத்தட்ட என்று நாங்கள் விடை எழுதினால் மதிப்பெண் தரமாட்டீர்களே, ஐயா" என்றாள் அவள்.

முப்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். என் வாயில் வந்த ஓர் எண்ணின் மதிப்பு எனக்கே தெரியவில்லை. மறுநாட் காலையில் மருந்தீசர் கோயிலுக்குச் சென்றபோது, வாயிலருகே பூ விற்கும் மூதாட்டியிடம் விளையாட்டாகக் கேட்டேன். "ஆயா, முக்காலே மூன்று வீசம் என்றால் எவ்வளவு?" அவர் பூத்தொடுக்கும் கையை நிறுத்தவும் இல்லை. "பதினைந்து அணா, தம்பி. ரூபாய்க்கு ஓர் அணா குறைச்சல். இதைக்கூடவா வாத்தியார் என்னைக் கேட்க வேண்டும்?" என்றார்.

அவர் கூறியது முற்றும் சரி. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. முக்கால் என்பது பன்னிரண்டு வீசம். அதனோடு மூன்று வீசம் சேர்ந்தால் பதினைந்து வீசம். சதவீதத்தில் கூறினால் 93.75. பள்ளிக்கூடமே காணாத ஒருவர் நொடியில் கூறிய விடையை, பட்டம் பெற்ற நான் தாளும் கோலும் கொண்டு சரிபார்க்க வேண்டியதாயிற்று. அன்று எனக்கு உண்டான நாணமே இப்பேச்சுக்குக் காரணம். தமிழர் பின்னங்களை எண்ணிய முறை எத்தகையது, அதில் அடங்கிய அறிவு யாது, அது நம் கையை விட்டு நழுவியதால் நாம் இழந்தது யாது என்பவற்றை உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

முழு எண்களை எண்ணுவது எளிது. பொருளைப் பங்கிடுவதுதான் கடினம். மனிதன் பங்கிடுவதற்கு இயற்கையாகவே இரண்டு வழிகளைக் கண்டான். ஒன்று, பாதியாக்குவது. ஒரு கயிற்றை மடித்தால் பாதி. மீண்டும் மடித்தால் கால். மேலும் மடித்தால் அரைக்கால். அரைக்கால் என்றதும் உங்களுக்குச் சட்டை நினைவுக்கு வரலாம். கணக்கில் அது காலில் பாதி, அதாவது 1/8. இன்னும் ஒருமுறை மடித்தால் 1/16, அதுவே வீசம். நெல்லையும் எண்ணெயையும் அளந்த நம் முன்னோரின் முகத்தல் அளவைகளும் இவ்வழியில் வந்தவையே. ஒரு நாழிக்கு இரண்டு உரி, நான்கு உழக்கு, எட்டு ஆழாக்கு. எந்தப் படிநிலையிலும் பாதியாக்குவதைத் தவிர வேறு வேலை இல்லை.

மற்றொரு வழி, விரல்களைக் கொண்டு எண்ணுவது. ஒரு கையில் ஐந்து, இரு கைகளில் பத்து, கைகால் விரல்கள் யாவும் சேர்ந்து இருபது. ஒரு பொருளை ஐந்தாகவும் பத்தாகவும் இருபதாகவும் பங்கிடுவது இவ்வழியைச் சார்ந்தது. தமிழில் இருபதில் ஒரு பங்குக்கு மா என்று பெயர். எனவே 1/10 என்பது இருமா. 3/20 என்பது மும்மா. 1/5 என்பது நாலுமா. தஞ்சைப் பகுதியில் ஒரு வேலி நிலத்துக்கு இருபது மா என்னும் வழக்கு இன்றும் உண்டு. வேலி ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. மா ஏறத்தாழ ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு.

இவ்விரு வழிகளும் ஒன்றோடொன்று எளிதில் இணங்குவதில்லை. பாதியாக்கிக்கொண்டே செல்பவனுக்கு ஐந்தில் ஒரு பங்கு எக்காலத்தும் கிடைக்காது. கயிற்றை எத்தனை முறை மடித்தாலும் ஐந்து சம பாகம் வாராது என்பதை நீங்களே செய்து காணலாம். எண்ணெய்க்கு ஒரு கணக்கும் நிலத்துக்கு வேறொரு கணக்குமாக வைத்துக்கொண்டால், நிலத்தில் விளைந்த நெல்லைப் பங்கிடும்போது இடர்ப்பாடு தோன்றும். நிலம் மாக்கணக்கில் இருக்கும். நெல் நாழிக்கணக்கில் இருக்கும். இவ்விரண்டையும் மீதியின்றி இணைக்கும் ஓர் எண் வேண்டும்.

அந்த எண் எண்பது. பதினாறாலும் வகுபடும், இருபதாலும் வகுபடும் எண்களுள் மிகச் சிறியது அதுவே. தமிழ்க் கணக்கில் எண்பதில் ஒரு பங்குக்குக் காணி என்று பெயர். ஒரு மாவுக்கு நான்கு காணி. ஒரு வீசத்துக்கு ஐந்து காணி. இனி ஒரு சொல்லை உற்று நோக்குங்கள். வீசத்துக்கு மாகாணி என்று மற்றொரு பெயரும் உண்டு. என் மாணவர் ஒருவர் இதனை 'மாகாணம்' என்று எண்ணி மயங்கினார். மாகாணி என்பது மாவும் காணியும் சேர்ந்தது. நான்கு காணியும் ஒரு காணியும் கூடினால் ஐந்து காணி. எண்பதில் ஐந்து என்பது பதினாறில் ஒன்று. ஆகவே 1/20 + 1/80 = 1/16. ஒரு கணக்கும் அதன் விடையும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. விரல்வழி வந்த பங்கும் மடிப்புவழி வந்த பங்கும் சந்திக்கும் இடத்துக்கு நம்மவர் இட்ட பெயர் அது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். ஒரு நிலத்தை ஐந்து உடன்பிறந்தார் பங்கிட்டுக்கொண்டனர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் நாலுமா. அவர்களுள் ஒருவரின் பங்கு இரு மக்களுக்குப் பிரிந்தால் ஆளுக்கு இருமா; அடுத்த தலைமுறையில் மீண்டும் இரண்டாகப் பிரிந்தால் ஒரு மா. வேறொரு நிலத்தை நால்வர் பங்கிட்டுக் கால் கால் பெற்றனர். அவர் மக்கள் அரைக்கால் பெற்றனர். பேரர் வீசம் பெற்றனர். நிலங்கள் இரண்டும் ஒரே பரப்பு உடையன. ஒரு மா வைத்திருப்பவர், வீசம் வைத்திருப்பவருக்குச் சமமாக வேண்டுமானால் எவ்வளவு வாங்க வேண்டும்? கணிப்பொறி வேண்டா, சொல்லே விடை தருகிறது. ஒரு காணி வாங்கினால் போதும்.

காணியில் பாதி அரைக்காணி. அதில் பாதி முந்திரி. எண்பதை இருமுறை இரட்டித்தால் 320 ஆதலின், முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. முந்திரி என்றதும் பருப்பை எண்ண வேண்டா. பருப்புத் தரும் அம்மரம் பிரேசில் நாட்டிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரால் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. முந்திரிகை என்னும் பின்னப் பெயரோ அதற்கு ஐந்து நூற்றாண்டுகட்கு முன்பே சோழர் கல்வெட்டுகளில் இடம்பெற்றுவிட்டது.

முந்திரிக்கும் கீழே பங்கிட வேண்டுமாயின் என் செய்வது? இங்குத்தான் நம் முன்னோரின் திறம் நன்கு விளங்குகிறது. புதிய பெயர்களைத் தேடி அவர்கள் அலையவில்லை. முந்திரியையே ஒன்று என்று கொண்டு, அதற்குள் மீண்டும் முக்கால், அரை, கால், மா, காணி, முந்திரி என்று அதே ஏணியில் இறங்கினர். அவ்வாறு இறங்கியதைக் காட்டக் 'கீழ்' என்னும் அடைமொழியைச் சேர்த்தனர். கீழ் முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கில், 320இல் ஒரு பங்கு, அதாவது 1/102400. இன்னும் கீழே செல்ல வேண்டின் இன்னொரு 'கீழ்' சேர்த்தால் ஆயிற்று. பத்தின் முறையில் புள்ளிக்கு வலப்புறம் ஓர் இடம் தள்ளுவது போன்றதே இது. நாம் பத்துப் பத்தாக இறங்குகிறோம். அவர்கள் முந்நூற்றிருபது முந்நூற்றிருபதாக இறங்கினர்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று எண்ணிவிடாதீர்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளில் ஊர்களின் நிலக்கணக்கு விரிவாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் ஒரு வேலியின் 52,428,800,000இல் ஒரு பங்கு வரை நுணுகிய கணக்கு உண்டு என்று கல்வெட்டறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஐயாயிரத்து இருநூறு கோடிக்கு மேற்பட்ட இந்த எண் எங்கிருந்து வந்தது? இதனை 320ஆல் வகுத்துப் பாருங்கள்: 163,840,000. மறுபடியும் வகுத்தால் 512,000. மூன்றாம் முறை வகுத்தால் 1,600. நான்காம் முறை வகுத்தால் 5. மீதி ஒன்றும் இல்லை. நான்கு முறை 'கீழ்' இறங்கி, அங்கே ஐந்தில் ஒரு பங்காகிய நாலுமாவில் நிற்கிறது அக்கணக்கு. திகைக்க வைக்கும் எண்ணாகத் தோன்றியது, ஏணியைத் தெரிந்துகொண்டதும் ஐந்து சொற்களில் அடங்கிவிடுகிறது.

இக்காலத் தஞ்சை வேலியின் அளவைக் கொண்டு பார்த்தால், அப்பங்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பாதி. இத்துணைச் சிறிய நிலத்தை எந்த அளவுகோலாலும் அளக்க இயலாது. அதில் ஒரு நெல்மணியையும் கிடத்த முடியாது. ஆகவே அது வயலில் அளந்து பெற்றதன்று. கணக்கில் வகுத்துப் பெற்றது. கணக்கர் நினைத்திருந்தால், "இது பயனற்ற துணுக்கு" என்று தள்ளிவிட்டு, ஊராருக்கோ கோயிலுக்கோ சார்பாக முழுமையாக்கியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. பங்கு என்று வந்தபின் எவருடையதையும் குறைக்கவோ கூட்டவோ தமக்கு உரிமையில்லை என்பதுபோல, கணக்கு நின்ற இடம் வரை சென்று நின்றார். அரசனுடைய வரித்திட்டம் எளியோருக்கு எப்படி இருந்தது என்பது வேறு ஆராய்ச்சி. ஆயினும் மீதியை விழுங்காத அந்தக் கணக்கின் நேர்மை போற்றத்தக்கது.

எண்பதைச் சந்திப்பு எண்ணாகக் கொண்டவர் தமிழர் என்றேன். எண்பதுக்குத் தனிச் சிறப்புத் தந்தவர் உலகின் பிற பகுதிகளிலும் உண்டு. பிரெஞ்சு மொழியில் எண்பது என்பதற்குரிய சொல்லின் பொருள் 'நான்கு இருபது' என்பதே. மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் தென்பகுதியில் சுப்பியிரே என்னும் மொழியைப் பேசும் மக்கள் வாழ்கின்றனர். சிறுபான்மை மொழிகளுள் ஒன்றான அதில் ஐந்து, பத்து, இருபது என்று ஏறி, அடுத்த பெரிய படியாக எண்பதுக்கே தனிச்சொல் வைத்திருக்கின்றனர். நமக்கு நூறு எப்படியோ, அவர்களுக்கு எண்பது அப்படி. எண்பதும் இருபதும் சேர்ந்ததே அவர்களுடைய நூறு.

ஸ்காட்லாந்து நாட்டுப் பயணியாகிய மங்கோ பார்க் 1795 முதல் 1797 வரை அப்பகுதிகளில் சுற்றியவர். 1799இல் வெளிவந்த தம் பயணநூலில், சேகு என்னும் நகரத்துச் சந்தையில் சோழிகளை எண்ணும்போது மட்டும் எண்பதையே நூறு என்று கூறுவதைக் கண்டதாக எழுதியுள்ளார். மாண்டிங்க மக்களின் நூறு அறுபதாக இருந்தது என்றும் குறித்துள்ளார். ஒரே சந்தையில் 'நூறு' என்னும் சொல், எண்ணப்படும் பொருளுக்கும் எண்ணுபவருக்கும் ஏற்ப வேறு வேறு அளவாயிற்று. எண்ணின் படிகள் இயற்கை விதித்த சட்டமல்ல. மக்கள் தம் வாழ்வுக்கு ஏற்பக் கட்டிக்கொண்டவை என்பது இதனால் புலனாகிறதன்றோ?

நம்முடைய முழு எண்களிலும் இத்தகைய கட்டுமானத்தின் தடம் உண்டு. எட்டுக்கு அடுத்த எண்ணை ஒன்பது என்கிறோம். அதன் ஈற்றில் பத்தின் வடிவமாகிய 'பது' நிற்கிறது. எண்பதுக்கு அடுத்தது தொண்ணூறு. அதில் நூறு நிற்கிறது. எண்ணூற்றுக்கு அடுத்தது தொள்ளாயிரம். அதில் ஆயிரம் நிற்கிறது. மூன்று சொற்களும் தாம் இன்னும் சென்று சேராத அடுத்த ஊரின் பெயரைத் தாங்கியிருக்கின்றன. ஒன்பதுக்குத் தொண்டு என்னும் தனிப்பெயர் பண்டு வழங்கியது. பரிபாடலிலும் மலைபடுகடாத்திலும் அதனைக் காணலாம். அது மறைய, பத்துக்கு ஒன்று குறைந்தது என்னும் கருத்துடைய ஒன்பது நிலைத்தது என்பர் மொழியறிஞர். ஒன்பதும் பத்தும் புணர்ந்து தொண்ணூறு ஆவதற்குத் தொல்காப்பியர் தனி விதியே வகுத்தார்.

இவ்வாறு குறைத்து எண்ணும் வழக்கை மிக விரிவாகக் கையாண்டவர் நைஜீரியாவின் யொரூபா மக்கள். அவர்கள் பதினாறை 'இருபதுக்கு நான்கு குறைவு' என்பர். பதினேழை 'இருபதுக்கு மூன்று குறைவு' என்பர். நாற்பத்தைந்தோ, அறுபதில் பத்துக் குறைத்து, அதிலும் ஐந்து குறைத்துப் பெறப்படுவது. பூ விற்கும் ஆயா, "ரூபாய்க்கு ஓர் அணா குறைச்சல்" என்று கூறியதும் இதே சிந்தனை முறைதான். முழுமையை முதலில் கண்டு, அதற்கு எவ்வளவு குறை என்று பார்ப்பது அது.

இத்துணைக் கணக்கும் மக்கள் நாவில் எப்படி ஏறியது? திண்ணைப் பள்ளிக்கூடங்களே அதற்கு வழி செய்தன. சிறுவர் மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லிச் சொல்லி எண்சுவடியை மனப்பாடம் செய்தனர். முழு எண் வாய்பாட்டோடு அவர்கள் நில்லாமல், காலைக் காலால் பெருக்கினால் வீசம், அரைக்காலை அரையால் பெருக்கினாலும் வீசம் என்று பின்னங்களின் வாய்பாட்டையும் கற்றனர். சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் அனாதைச் சிறுவர் விடுதியின் தலைவராக 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுச் சிறுவர் மணலில் எழுதிப் படித்த முறையைக் கண்டு அதனைத் தம் விடுதியிலும் புகுத்தினார். மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கவும் ஏற்பாடு செய்தார். 1797இல் அவர் இங்கிலாந்தில் அதனை நூலாக வெளியிட, அது சென்னை முறை என்னும் பெயரால் ஐரோப்பாவிலும் பரவியது.

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் புகழ்ந்துவிடுதல் முறையன்று. திண்ணைப் பள்ளியில் பிரம்படி மிகுதி. பொருள் விளங்காமலே ஒப்பித்த பிள்ளைகள் பலர். எல்லாக் குலத்துப் பிள்ளைகளுக்கும் அத்திண்ணையில் இடம் இருந்ததில்லை. பெண்களுக்கு இடம் மிக அரிது. கணக்கறிந்தவன் அறியாதவனை ஏய்ப்பதற்கும் அதே வாய்பாடு உதவியிருக்கும். கணக்குமுறையிலும் குறை உண்டு. மூன்றில் ஒரு பங்கை 320இன் ஏணியில் எத்துணைக் கீழ் இறங்கினாலும் பிடிக்க முடியாது. பத்தின் முறையிலும் அது 0.333 என்று முடிவின்றி ஓடுவதே. ஆதலின் அக்குறை இரண்டுக்கும் பொது. ஆனால் எட்டுத் திசையிலும் வணிகம் செய்யும் உலகத்துக்குப் பத்தின் முறையே எளிது என்பதில் ஐயமில்லை.

அம்மாற்றம் நம் நாட்டில் 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் நாணயத்தில் தொடங்கியது. பதினாறு அணா கொண்ட ரூபாய், நூறு நயாபைசா கொண்டதாயிற்று. அன்று ஒரு சிறு சிக்கல் எழுந்தது. நூறைப் பதினாறால் வகுத்தால் ஆறேகால். ஓர் அணாவுக்கு ஆறேகால் நயாபைசா; கால் நயாபைசாவுக்கோ நாணயம் இல்லை. ஆகவே ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்கு 25 என்று மாற்றுக் கணக்கு வகுத்தனர். ஓரணா ஓரணாவாக நான்கு முறை மாற்றியவருக்கு 24. நான்கணாவை ஒருசேர மாற்றியவருக்கு 25. வீசத்தைத் தாங்கும் இடம் புதிய ஏணியில் இல்லாமையால் நேர்ந்த வேறுபாடு அது. அடுத்து எடையும் அளவும் 1958 முதல் 1962 வரை படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறின. இம்மாற்றம் தேவையானதே. அதற்காக நாம் வருந்த வேண்டுவதில்லை.

வருந்த வேண்டுவது வேறொன்று. பழைய முறையைப் பயன்படுத்துவதை நிறுத்தியபோது, அதனைப் படிக்கும் ஆற்றலையும் கைவிட்டுவிட்டோம். திருவான்மியூர்க் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு. நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் அவற்றைக் கடந்து செல்கின்றனர். அத்தகைய கல்வெட்டுகளில் நிலமும் நெல்லும் பொன்னும் குறிக்கப்படுமிடத்தில் இப்பின்னங்களே வரும். எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்றவரும் எண் வந்ததும் நின்றுவிடுகின்றனர். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பாட்டனார் காலத்துப் பத்திரங்களுக்கும் இதே நிலைமைதான். எத்தனை பங்கு யாருக்குரியது என்று எழுதிவைத்த வரி, உரியவருக்கே புரியாத வரியாகிவிட்டது.

சென்னையில் மனை வாங்குவோர் இன்றும் 'கிரவுண்டு' என்று கணக்கிடுகின்றனர். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. இருபத்துநான்கு கிரவுண்டு சேர்ந்தது ஒரு காணி. அது ஏறத்தாழ ஏக்கர் ஒன்றும் அதில் மூன்றில் ஒன்றும் ஆகும். காணி என்னும் சொல்லுக்குப் பின்னம், நிலவுரிமை, நிலத்தின் பரப்பளவு என்று மூன்று பொருள் உண்டு. பரப்பளவு வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும். பாரதியார் பராசக்தியிடம் கேட்டது ஒரு காணி நிலம். அக்கவிதையைப் பாடமாகப் படிக்கும் மாணவருள் எத்தனை பேர், அவர் கேட்டது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்திருப்பர்?

எழுத்துருவையும் சற்று நோக்குவோம். தமிழில் பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக்குறிகள் உண்டு. 1957 என்பதைப் பழைய முறையில் ௲௯௱௫௰௭ என்று எழுதுவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு என்று நாம் வாயால் சொல்லும் வரிசையிலேயே குறிகள் நிற்கின்றன. எட்டின் குறி 'அ' போன்றது. காலின் குறி 'வ' போன்றது. இவ்விரண்டையும் சேர்த்து 'அவ' என்று படிக்கவைத்து ஒருவரை இகழும் சிலேடை, ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்றில் உண்டு. குறிகளை அறியாதார்க்கு அந்த நகைச்சுவை விளங்காது.

ஆயினும் நம்பிக்கைக்கு இடம் இல்லாமல் இல்லை. கணக்கதிகாரம், ஆஸ்தான கோலாகலம் முதலிய பழைய கணக்கு நூல்கள் அச்சில் வந்துள்ளன. தமிழர் குடியேறிய மொரீசியசு நாட்டின் பணத்தாள்களில் தமிழ் எண்கள் அச்சிடப்படுகின்றன. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணிப்பொறியில் இடம் வகுக்கும் யூனிக்கோடு, 2019ஆம் ஆண்டில் முந்திரி, காணி, மா முதலிய பின்னங்களின் குறிகளும் அளவைக் குறிகளும் உட்பட 51 தமிழ்க் குறிகளுக்கு இடம் அளித்தது. கல்லிலும் ஓலையிலும் இருந்தவை கணிப்பொறிக்குள்ளும் வந்துவிட்டன. அவற்றைப் படிக்கும் கண்கள்தாம் இனி வேண்டும்.

மாணவ நண்பர்களே, பழைய வாய்பாடு முழுவதையும் மனப்பாடம் செய்யுங்கள் என்று நான் கூறவில்லை. கால், அரைக்கால், வீசம். மா, காணி, முந்திரி என்னும் ஆறு சொற்களையும் அவற்றின் மதிப்பையும் மட்டும் நினைவில் கொள்ளுங்கள். ஆறும் தெரிந்தால் ஏணி முழுவதும் தெரிந்தது போலத்தான். பிறகு உங்கள் வீட்டிலோ தெருவிலோ எண்பது வயது கடந்தவர் எவரேனும் இருந்தால் அருகில் அமர்ந்து, எவ்வாறு எண்ணினார், எதனை எதனால் அளந்தார் என்று கேளுங்கள். அணாக் கணக்கில் கொடுத்து வாங்கிய கைகள் இன்னும் சில ஆண்டுகளே நம்மிடையே இருக்கும்.

பூ விற்கும் ஆயாவின் விடையை என் மாணவியிடம் அன்று மாலையே கூறினேன். அவள் தாளில் போட்டுப் பார்த்து, 93.75 என்று எழுதினாள். சிறிது நேரம் கழித்து, "ஐயா, அப்படியானால் பாடத்தில் இன்னும் ஒரு வீசம் பாக்கி இருக்கிறதே; அதையும் நடத்திவிடுங்கள்" என்றாள். மீதியை விட்டுவிடலாகாது என்னும் பழைய கணக்கரின் குணம் அவளிடமும் இருக்கிறது என்று எண்ணி மகிழ்ந்தேன். அந்த ஒரு வீசத்தையும் அன்றே நடத்தி முடித்தேன்.